வெடிப்பில் போட்ட ஜல்லி

எங்கள் அத்தானுக்கு உட்காரத் தெரியாது. அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், நாற்காலியில் பாதி உடம்பை வைத்தார், மீதிப் பாதியை வைப்பதற்குள் எழுந்துவிட்டார். கையில் காபி டம்ளரோடு போய்க் கூடத்துக் கதவை ஒருதரம் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். "அடியில உரசுதே, யாரும் கவனிக்கலையா?" என்றார். "மாப்பிள்ளை, முதல்ல காபியைக் குடிங்க" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் கதவு கீலிலிருந்து கழன்று வாசலில் கிடந்தது. அத்தான் அதன்மேல் குனிந்து இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார். மாமனார் வீட்டுக்கு வருகிறவர் இழைப்புளியோடா வருவார் என்று கேட்காதீர்கள். அவர் வருவார்.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர்கள் என்று சிலரைச் சொல்வதுண்டு. அத்தான் விஷயத்தில் சக்கரம் காலில் இல்லை, காலுக்குக் கீழே இருந்த மண்ணில் இருந்தது என்பது என் கட்சி.

அவர் வேலிக்காரர். எங்கள் ஊர் ஒரு பாறை மேட்டின்மேல் இருக்கிறது. மேட்டைவிட்டு இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் மேய்ச்சல் நிலம். மாடுகள், ஆடுகள், அவற்றைப் பிரித்து வைக்கிற வேலிகள். வேலிக்கம்பம் நடுவது, சாய்ந்த கம்பத்தை நிமிர்த்துவது, நிமிர்த்தியது மறுபடி சாய்ந்தால் மறுபடி நிமிர்த்துவது, இதுதான் அவர் பிழைப்பு. மூன்றாவது வேலைதான் அதிகம்.

நான் மேட்டில் தையல்கடை வைத்திருப்பவள். மண்ணைப் பற்றிப் பேச உனக்கென்ன யோக்கியதை என்றால், அந்த மண்ணில் எத்தனையோ செருப்புகளை இழந்தவள் என்ற யோக்கியதைதான். எந்தக் காலத்திலோ பூமிக்குள்ளிருந்து நெருப்புக் குழம்பாகப் பொங்கி வந்து, பரவி, ஆறிப்போன கருங்கல் பாறை எங்களுக்கு அடியில் இருக்கிறது. அது மக்கி மண்ணானது. மேட்டில் ஒரு சாண் மண்கூடக் கிடையாது, கடப்பாரை போட்டால் கல் கத்தும். பள்ளத்தில் ஆளுயரத்துக்குக் கறுப்புக் களி. வெயில் காலத்தில் அது இரும்பு, மழைக்காலத்தில் பசை. காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வெடிப்புக்குள் கைவிட்டால் தோள்வரைக்கும் போகும், அப்புறமும் ஆழம் மிச்சமிருக்கும். மேல்மண் கடுகும் மிளகுமாக உதிர்ந்து அந்த வெடிப்புக்குள் விழும். மழை வந்ததும், உள்ளே விழுந்த மண்ணும் சேர்ந்து உப்பும், இடம் போதாமல் ஒன்றையொன்று நெட்டித் தள்ளும், அடியில் கிடந்த கல்லை மேலே கொண்டுவந்து வைக்கும். இந்த வருஷம் பொறுக்கிச் சுத்தம் செய்த இடத்தில் அடுத்த வருஷம் புதுக் கல். தரை முழுக்க மேடும் குழியுமாக, படுத்து எழுந்தவர்கள் மடிக்காமல் போட்டுவிட்டுப் போன போர்வை மாதிரி கிடக்கும். மரம் வைத்தால் வேரை அறுத்துவிடும். புல் ஒன்றுதான் அதோடு ஒத்துப்போகிறது, அந்தப் புல்லுக்காகத்தான் இத்தனை மாடும் இத்தனை வேலியும்.

ஒருதரம் கம்பக்குழி வெட்டும்போது என்னை உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னார். குழியின் பக்கச் சுவரில் மண் சாய்வாக, கோடுகோடாக, எண்ணெய் தடவினாற்போலப் பளபளத்தது.

"மண்ணும் மண்ணும் உரசி வழுக்கின இடம் மச்சினி. பாரு, உள்ளகூட சும்மா இல்ல."

பெற்ற பிள்ளை பரிசு வாங்கியது போன்ற முகம். நான் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன். காலுக்குக் கீழே எதுவும் நிலையாக இல்லை என்று தோண்டிக் காட்டினால் யாருக்குச் சந்தோஷம் வரும்? அவருக்கு வந்தது. அவர் தனியாக இல்லை என்று மண்ணே சொன்னதுபோல இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட மண்ணின்மேல்தான் அவர் அக்காவுக்கு வீடு கட்டினார். மேட்டில் கட்டுங்கள் என்று எல்லோரும் தலைதலையாக அடித்துக்கொண்டோம். மேட்டிலிருந்து பார்த்தால் வேலியின் சாய்வு தெரியாதாம். தார்ச்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பள்ளத்தில், கல்லும் சேறும் வைத்துச் சுவர் எழுப்பி, தகரக் கூரை போட்டார். வெயிலில் சுவர் விரியும், மழையில் கூடும். சன்னமான விரிசல் வந்தால் அதில் சாந்து பூசுவார். கதவு சாத்த வராவிட்டால் இழைப்பார். இழைத்து இழைத்துக் கதவு ஒருபக்கம் சிறுத்து, வெயில் காலத்தில் அதற்கும் நிலைக்கும் நடுவே பூனை போய்வரும். பின்கதவு இழைப்புளிக்கும் அடங்காமல் போகவே ஆணி அடித்து ஒரேயடியாக மூடிவிட்டார். "சுவர் இருந்தால்தான் சித்திரம்னு சொல்வாங்க, இவரு சுவத்துலயே சித்திரம் போடறாரு" என்பாள் அக்கா, விரிசல்களைக் காட்டி.

அந்த வீட்டுக்கு அத்தான் வைத்த சட்டங்கள் பல. சுவரோரம் குளிக்காதே. ஒரே பக்கமாகத் தண்ணீர் ஊற்றாதே. யாரும் பிடித்துக்கொள்ளாமல் நான் தனியாகக் கம்பம் நட மாட்டேன், வந்து பிடி. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வெடிப்பை மூடாதே. ஏன் என்று சொன்னாரா? ஒருவேளை முதல் வருஷம் சொல்லியிருப்பார். முப்பது வருஷத்தில் "மூடாதே" மட்டும் மிச்சமாகி, அக்கா காதில் அது காக்கை கத்துவதுபோல ஆகிவிட்டது. குனிந்து மூடச் சோம்பல்படுகிற ஆம்பளை சொல்லும் சாக்கு என்று அவள் நினைத்தாள். என்னிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறாள்.

அவர்களுக்கு ஒரே பெண். படித்து, கடலோர நகரத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, மூன்றாவது மாடியில் வீடு. அக்காவும் அத்தானும் அங்கே ஒருதரம் போனார்கள். அக்காவுக்கு அந்த வீடு சொர்க்கம். ராத்திரி எதுவும் முனகவில்லை, எந்தக் கதவும் தானாகத் திறந்துகொள்ளவில்லை. அத்தான் ஒரு வாரம் தாங்கவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கினார். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உங்க கீல் சத்தம் போடுது, கொஞ்சம் எண்ணெய் விடட்டுமா?" என்று கேட்டார். அவர்கள் காவலாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலமே வண்டியேறி வந்துவிட்டார். அக்கா பின்னாலேயே வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஒரு கோடையில் அவர் விழுந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே, குளியலறைக்குப் போகிற வழியில். கால் வெடிப்புக்குள் முழங்கால்வரை இறங்கி, உடம்பு ஒருபக்கம் சாய்ந்து, கணுக்காலில் எலும்பு முறிந்தது. அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்வரை வெயிலில், ஒரு கால் பூமிக்குள் நட்ட கம்பம்போல, அப்படியே கிடந்தார். அவள் ஓடிப்போய்த் தூக்கியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்த மூலைக் கம்பம் சாஞ்சிருக்கு, இங்கேர்ந்து பார்த்தா நல்லா தெரியுது."

கட்டு பிரித்த மறுநாளே வேலிக்குப் போய்விட்டார், விந்தி விந்தி.

அக்கா அன்றைக்குத்தான் உடைந்தாள். என் கடைக்கு வந்து, தைத்துக்கொண்டிருந்த என் எதிரில் உட்கார்ந்து, கண் கலங்காமல் சொன்னாள்.

"நான் பொண்ணு கிட்டயே போயிடப் போறேன்டி. மழை ஆரம்பிச்சதும் கிளம்பறேன். இன்னொரு மழைக்கு அந்த வீட்டுல என்னால படுக்க முடியாது. அவரும் நிக்க மாட்டாரு, வீடும் நிக்காது. ரெண்டுக்கும் நடுவுல நான் ஒருத்தி ஆடிட்டே இருக்கணுமா?"

"அத்தான் கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"எந்த பஸ்ஸுன்னு கேட்டாரு."

எனக்கு வந்த கோபத்தில் ஊசி ஒடிந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை. ஒன்றே ஒன்று. ஆடுமாட்டுக்கு அவ்வளவு வேலி போட்ட மனுஷருக்குப் பெண்டாட்டியை நிறுத்த ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனைக்கும் அவள் போனால் அவர் என்ன ஆவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். விந்துகிற காலோடு, மறுபடி ஒருநாள் எங்காவது விழுவார். தூக்க யாரும் சந்தையிலிருந்து வரப்போவதில்லை.

கோடையின் கடைசியில் அவர் வழக்கம்போலத் தூரத்து மேய்ச்சலுக்குப் போய்விட்டார். மழைக்கு முன்னால் அங்குள்ள கம்பங்களையெல்லாம் நிமிர்த்தி இறுக்க வேண்டும், அங்கேயே கூடாரம் போட்டுத் தங்குவார். அந்த நாட்களில் அக்கா வீட்டுக்குப் போகிற வழியில், சாலை போட்டவர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போன ஜல்லிக் குவியல் கரைந்துகொண்டே வந்தது. எவனோ திருடிக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன். அக்கா வீட்டுப் பின்புறம் பெருக்கி வழித்துச் சுத்தமாக இருந்ததையும் பார்த்தேன். ஊருக்குப் போகிறவள் வீட்டைச் சுத்தம் செய்கிறாள், வேறென்ன?

மழை வந்தது. வந்தது என்றால் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்கிற மழை இல்லை. நிதானமாக, விடாமல், மண்ணுக்குச் சோறூட்டுவதுபோல இரண்டு மூன்று நாள் பெய்தது. பிறகு கொஞ்சம் வெறித்தது. அன்று சாயங்கால பஸ்ஸுக்கு அக்கா கிளம்புவதாக ஏற்பாடு. வழியனுப்ப மத்தியானமே கிளம்பினேன். சாலையை விட்டு இறங்கியதும் களி காலைப் பிடித்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு சுற்று ஒட்டி, வாசலுக்குப் போய்ச் சேரும்போது எனக்கு யானைக்கால். செருப்பு வழியிலேயே எங்கோ நின்றுவிட்டது.

கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"தள்ளு, தள்ளு" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "சேலை மாத்தலாம்னு சாத்தினேன். இப்ப திறக்க மாட்டேங்குது."

வருஷக்கணக்காகச் சாத்த மாட்டேன் என்று அடம்பிடித்த கதவு, அன்றைக்குச் சாத்திக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது. சிரிப்புத்தான் வந்தது முதலில். தோளால் இடித்தேன். அசையவில்லை. நிலையைப் பார்த்தேன், சதுரமாக இருக்க வேண்டிய நிலை சாய்சதுரமாகி, கதவைக் கிடுக்கிபோலக் கவ்வியிருந்தது. கொட்டகையிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்து ஓங்கி ஒரு போடு போட்டேன். கதவுக்கு மேலே இருந்த கல் ஒரு விரற்கடை இறங்கியது. மண் பொலபொலவென்று என் தலையில் கொட்டியது. உள்ளே தகரம் கிறீச்சிட்டது, கூடவே அக்காவும்.

கொத்தனாருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் அலறினார்.

"கதவுல கை வைக்காதீங்கம்மா! கூரை பாரம் மொத்தமும் இப்ப அந்தக் கதவு மேலதான் நிக்குது. அதை உடைச்சீங்க, எல்லாம் உள்ள உட்கார்ந்துடும். நான் வரேன். வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு, நடந்துதான் வரணும்."

ஜன்னலுக்குப் போனேன். மரச்சட்டத்தில் இரும்புக் கம்பிகள் பதித்த சின்ன ஜன்னல். உள்ளே அக்கா கட்டிலில், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டியிருந்தது புதுச் சேலை, நான் ஓரம் அடித்துக் கொடுத்தது. பின்சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதன் வழியே வெளிச்சம் வந்தது. முப்பது மழையில் இப்படி ஒரு விரிசலை நான் பார்த்ததில்லை.

"என்னக்கா இது, ஒரே நாள்ல?"

அவள் பெட்டியின் பூட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, "வெடிப்பை மூடினேன்டி" என்றாள்.

"எதை?"

"சுவத்தோரம், பாத்ரூம் வழி, எல்லாத்தையும். ரோட்டோரம் ஜல்லி கிடந்ததுல்ல. கூடை கூடையா கொண்டுவந்து கொட்டி, கடப்பாரையால இடிச்சு இறுக்கி, மேல மண்ணைத் தூவிட்டேன்."

"நீயா? உன் இடுப்புக்கா? எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் உலகத்திலேயே மடச்சி என்று எழுதியிருந்தது.

"நான் போனப்புறம் அவரு விழுந்தா யாருடி தூக்குவா?"

வாழ்க்கை முழுக்கத் துணி தைக்கிறேன். வளர்கிற குழந்தைகளுக்குத் தைத்தால் உள்ளே இரண்டு விரல் மடித்து விட்டுவைக்கத் தெரியாதவள் தையல்காரியே இல்லை. இந்த மண்ணும் வருஷத்துக்கு ஒருதரம் வளர்கிறது. அதற்கு விட்டுவைத்த இடத்தையெல்லாம் இவள் ஜல்லியால் அடைத்துவிட்டாள். உப்புகிற மண் போக இடமில்லாமல் அஸ்திவாரத்தையே முட்டித் தூக்கியிருக்கிறது. இதையெல்லாம் அந்த ஜன்னலில் நின்று அவளிடம் சொல்லவா முடியும்? கம்பிக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"அவருக்குப் போன் பண்ணவா?"

"எடுக்க மாட்டாரு. கம்பத்துல மாட்டி வெச்சுட்டு அந்தப் பக்கம் போயிடுவாரு."

இருந்தாலும் அடித்தேன். மணி என் முதுகுக்குப் பின்னால், வேலிப் பக்கம் கேட்டது.

திரும்பினேன். சேற்றில் ஒரு உருவம், ஒவ்வொரு காலையும் பானை தூக்குவதுபோலத் தூக்கி வைத்து, விந்தி விந்தி வந்துகொண்டிருந்தது. அத்தான்தான். தூரத்து மேய்ச்சலிலிருந்து அந்தக் களியில் நடந்தே வந்திருக்கிறார். விடிந்ததும் கிளம்பியிருக்க வேண்டும்.

"எதுக்கு வந்தீங்க அத்தான்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? வாயில் வந்துவிட்டது.

"பெட்டியைத் தூக்கிவிட ஆள் வேணாமா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன், ஜல்லியை மட்டும் விட்டுவிட்டு. அவர் கதவுப் பக்கமே போகவில்லை. சுவரோரம் குனிந்து தரையைப் பார்த்தார். தரை வரப்புபோல எழும்பியிருந்தது. குதிகாலால் ஒரு கீறு கீறினார். கறுப்புக் களியில் சாம்பல்நிற ஜல்லி பல்லைக் காட்டியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் நாலு வார்த்தை சேர்த்துக் கேட்பதாக இருந்தேன். அவர் நேரே ஜன்னலுக்குப் போனார்.

"பயமா இருக்கா?"

"இருக்காதா பின்ன?"

"கம்பம் பிடிக்கணும். பிடிப்பியா?"

"எத்தனை வருஷமா பிடிக்கறேன், இப்ப என்ன புதுசா கேள்வி" என்றாள் அக்கா, பெட்டியைக் கட்டிலில் வைத்து எழுந்து, புதுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு.

கொட்டகையில் வேலிக்கம்பங்கள் அடுக்கியிருந்தன. அளந்து பார்த்து ஒன்றை அறுத்து, ஆப்பும் சுத்தியலும் சேர்த்துக் கம்பிகளுக்கு இடையே உள்ளே கொடுத்தார். ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவள் உத்தரத்துக்கு அடியில் அதை நிறுத்தினாள்.

"கொஞ்சம் இடது."

"என் இடதா, உங்க இடதா?"

"உன் இடது. நில்லு. அடில ஆப்பு வை. தட்டு. இன்னும் தட்டு. ரொம்பத் தூக்காத, தாங்கினா போதும்."

"தூக்குக்குண்டு இல்லாம எப்படி நேரா இருக்கான்னு பார்க்கறது?"

"உன் கண்ணு போதும்."

முப்பது வருஷத்தில் அந்த மனுஷர் அவளைப் பாராட்டி நான் கேட்ட ஒரே வாக்கியம் அது. அக்கா ஒரு கணம் சுத்தியலை நிறுத்தினாள். பிறகு மறுபடி தட்டினாள். இரண்டாவது கம்பம், மூன்றாவது கம்பம். தகரத்தின் கிறீச்சல் அடங்கியது. அத்தான் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தை ரம்பத்தால் அறுத்து, கம்பிகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பிடுங்கினார். உள்ளங்கை கிழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

முதலில் பெட்டி வெளியே வந்தது.

"உசிரு முக்கியமா பெட்டி முக்கியமாடி?" என்று கத்தினேன்.

"உசிரு பின்னாலயே வருது, பிடி!"

இடுப்புவரை வந்து மாட்டிக்கொண்டாள். நான் ஒரு கையும் அத்தான் ஒரு கையுமாக இழுத்தோம். "தையல் பிரியப் போகுது" என்றேன். "சேலைக்கு ஏதுடி தையல்" என்று அந்த நிலைமையிலும் சொன்னாள். மூன்று பேரும் சேற்றில் விழுந்தோம். எழுந்து ஒதுங்கி நின்ற சற்று நேரத்தில், பின்சுவரின் மூலை, களைத்தவர்கள் உட்காருவதுபோல, மெள்ள உட்கார்ந்தது. முட்டுக்கொடுத்த பக்கத்துக் கூரை மட்டும் அந்தரத்தில் நின்றது.

கொத்தனாரை இன்னும் காணோம். தூரத்தில் சாலையில் ஹாரன் கேட்டது. சாயங்கால பஸ், மேட்டு வளைவில் திரும்புகிறது.

அத்தான் பெட்டியை எடுத்துத் தலையில் வைத்தார். "வா. இப்ப நடந்தா பிடிச்சிடலாம்" என்று சாலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார், ரத்தம் ஒழுகுகிற கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, விந்திக்கொண்டு. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. இதற்காகவா ஐயா அவ்வளவு தூரம் நடந்து வந்தீர்?

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏன் நிக்கற? பஸ் போயிடும்."

அக்கா விழுந்த சுவரைப் பார்த்தாள். காலுக்குக் கீழே எழும்பியிருந்த தரையைப் பார்த்தாள்.

"நான் போட்ட ஜல்லி" என்றாள். "யாரு எடுப்பா?"

"அது எதுக்கு இப்ப?"

"நான் போட்டது. நான்தான் எடுக்கணும்."

அத்தான் பெட்டியோடு அப்படியே நின்றார். பஸ் வந்தது, நின்றது, யாரும் ஏறாததால் கிளம்பியது.

"இப்ப எடுக்க முடியாது" என்றார் அவர் கடைசியில். "மண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கும். காயணும். வெடிப்பு மறுபடி வாய் திறந்தாத்தான் கை உள்ள போகும். கோடை வரணும்."

"வரட்டும்" என்றாள் அக்கா.

அந்த மழைக்காலம் முழுக்க இருவரும் என் கடையின் பின்னறையில் இருந்தார்கள். அத்தான் என் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டே அதைச் சாகடிக்கப் பார்த்தார். மழை விட்டதும் பள்ளத்துக்குப் போய்ப் புது வீடு போட்டார்கள். இந்தத் தடவை கல்லும் இல்லை, சேறும் இல்லை. வேலிக்கம்பங்கள் நட்டு, பலகை அடித்து, தகரம் போட்ட வீடு. மண் ஆடினால் அதுவும் கூடவே ஆடும். வருஷத்துக்கு ஒருதரம் வேலியை நிமிர்த்துவதுபோல வீட்டையும் நிமிர்த்துகிறார்கள், அவர் இழுக்க, அவள் பிடிக்க. கதவு என்பது மாட்டுத்தொழுவத்துப் படல் மாதிரி ஒன்று, கம்பி வளையத்தால் மாட்டியிருக்கிறது. அது எந்தப் பருவத்திலும் திறக்கும்.

மேட்டில் கட்டச் சொன்னேன். "மேட்டுல ஜல்லி எங்கடி இருக்கு?" என்றாள் அக்கா.

கோடையில் வெடிப்பு திறந்ததும் ஜல்லி எடுக்க ஆரம்பித்தாள். சட்டியும் கரண்டியுமாக, சாயங்கால நிழலில். ஒரு கோடையில் முடியவில்லை. கொஞ்சம் ஆழத்துக்குப் போய்விட்டது, கொஞ்சத்தை மண்ணே அடுத்த வருஷம் மேலே கொண்டுவந்து கொடுத்தது. மகள் போன் செய்யும்போதெல்லாம், "இன்னும் முடியலடி, முடிச்சுட்டு வரேன்" என்பாள். போய்ப் பார்த்துவிட்டு வருவாள், தங்க மாட்டாள். இப்படியே வருஷங்கள் ஓடுகின்றன. ஒரு குவியல் ஜல்லி இத்தனை வருஷமா வரும் என்று எனக்குக் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது.

போன கோடையில் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் போனேன். அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் அத்தான் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார்! சம்மணம் போட்டு, தரையில், வெடிப்புக்குப் பக்கத்தில். எடுத்துக் குவித்திருந்த ஜல்லியிலிருந்து ஒன்றைப் பொறுக்கி, துடைத்து, வெடிப்புக்குள் போட்டு, அது அடியில் போய் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் இன்னொன்று.

"என்ன அத்தான்" என்றேன். "வெடிப்பை மூடக் கூடாதுன்னு சொல்வீங்களே?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். முகம் திருடித் தின்று மாட்டிக்கொண்ட குழந்தையுடையது மாதிரி ஆனது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"மூடல மச்சினி" என்றார். "ரெண்டே ரெண்டு கல்லுதான். அவ கிட்ட சொல்லிடாத."